ஈரக் கழிவு

கோத்தகிரி மைதானம், காலை ஆறே முக்கால்.
பேனாக்கள் எழுதவில்லை.
உள்ளங்கையில் உருட்டி, ஊதி, உதறிப் பார்த்தோம்.
பென்சில் வாங்கப் போனேன்.
கடைக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

நாற்பத்தொரு பேர். ஆளுக்கோர் எண்.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
ஐம்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்.
முற்றிலும் ஒப்புகிறேன் என்று தொடங்கி
முற்றிலும் மறுக்கிறேன் வரைக்கும்.
இடையில் ஒரு ‘சொல்லத் தெரியவில்லை’.
பாதி மாவட்டம் அந்த நடுக்கட்டத்தில்
குடியிருக்கிறது.

‘எளிதில் வெல்லும் பந்தயத்தைவிட
தோற்கவும் கூடிய பந்தயமே எனக்குப் பிடிக்கும்.’
இதைத் தமிழாக்க எனக்கு நான்கு நாள் ஆயிற்று.
உயரம் தாண்டும் பையன்
நான்கு நொடியில் தாண்டிப் போனான்.

இருபத்தேழாம் எண் மட்டும் எழுதாமல் இருந்தாள்.
மூவாயிரம் மீட்டர்.
முழங்காலில் பழைய தழும்பு, அதன்மேல் நேற்றைய செம்மண்.
“இதுக்கெல்லாம் ஜெயிச்ச அன்னிக்கு மாதிரி பதில் சொல்லணுமா,
தோத்த அன்னிக்கு மாதிரியா, மேடம்?”
பொதுவாக, என்றேன்.
பொதுவாக என்பது எந்தக் கிழமை
என்பதுபோல் பார்த்தாள்.
பிறகு, தாளைக் கையில் தூக்கி எடை பார்த்தபடி,
“எங்க எஸ்டேட்டுல கொழுந்து நிறுக்கறப்போ
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்க.
நீங்க எவ்வளவு?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

படிவம் முடிந்ததும் வளையம் எறிதல்.
ஒரு கம்பு நட்டிருந்தேன், நிற்கும் தூரம் அவரவர் விருப்பம்.
ஒட்டி நின்று போடுகிறவருக்குத் தோல்வி பயம்.
எட்டாத் தூரம் போகிறவருக்கும் அதே பயம்தான்,
அங்கே தவறினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.
நடுத்தூரம் நிற்பவரிடமே ஊக்கம் அதிகம்
என்று படித்துவிட்டு மலையேறியிருந்தேன்.
மூன்றாவது ஆள் எறிந்து முடிக்குமுன்
பனிமூட்டம் இறங்கிற்று.
கம்பைக் காணோம்.
மிச்சப் பேரெல்லாம் தடவித் தடவிக் கிட்டே வந்து போட்டார்கள்,
இருபத்தேழும்தான்.
என் குறிப்பேட்டில் முப்பத்தெட்டுக் கோழைகள்.

இரவு லாட்ஜில், கம்பளிக்குள் கால்குலேட்டர்.
ஐம்பதில் ஆறு வாக்கியம் ஊக்கத்தை அளக்க அல்ல.
பொய்யைப் பிடிக்க.
‘நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.’
‘அடுத்தவர் தோற்றபோது நான் மகிழ்ந்ததே இல்லை.’
ஆம் ஆம் என்று குறித்தவர்களுக்கு,
நல்லவராகத் தெரியும் ஆசைக்காக,
மொத்தத்தில் கொஞ்சம் கழிக்கவேண்டும்.
ஆக, கேட்டவளுக்கு என்னிடம் பதில் இருந்திருக்கிறது.

அவள் ஆறையும் முற்றிலும் மறுத்திருந்தாள்.
கழிவு பூஜ்யம்.
புறமுகம் குறைவு. பதற்றம் நடுத்தரம்.
சாதனை ஊக்கம்: சராசரி.

நாற்பத்துநாலாம் வாக்கியத்தின் ஓரத்தில்
ஏதோ கீறலாய் இருந்தது.
மை இறங்காத பேனாவால் அழுத்தி எழுதியது,
விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது:
‘குன்னூர் மீட்டில் கடைசி வளைவில் பிரசில்லா விழுந்தாள்.
எனக்கு சந்தோஷமாக இருந்தது.
அதனால்தான் கால் வேகம் வந்தது. இது எத்தனை மார்க்?’
கீழே, விதியை மீறி,
யோகசுந்தரி என்று கையெழுத்து.

பெயரை அழிக்க வேண்டும்.
மை இருந்தால்தானே அழிக்க.
ஓரத்தில் எழுதியதை ஏற்ற
என் அட்டவணையில் பத்தி இல்லை.
விரலால் தடவினேன், தாளின் பின்பக்கமும் புடைத்திருந்தது.

மறுநாள் மூவாயிரத்தில் அவள் நான்காவது.
பதக்கம் மூன்று வரைக்கும்தான்.
கோட்டைத் தாண்டி வந்து குனிந்து,
சாக்ஸைச் சரிசெய்வதுபோல் வெகுநேரம் குனிந்தே இருந்தாள்.
ஐம்பது வாக்கியம் வைத்திருந்தவளுக்கு
கேட்க ஒன்றும் அகப்படவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று.
படிவங்கள் மூட்டத்தில் ஊறிக் கனத்திருந்தன.
உலர்த்தவில்லை.
அப்படியே கட்டினேன்.